கம்போடியாவுக்கு ஒரே ஒரு டிக்கெட்

சென்னை விமான நிலையத்தில், குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தம் புதுசு. ஒரு முத்திரைகூட விழாதது.

“கூட யாரும்மா வர்றாங்க?”

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

“கம்போடியாவுக்கா? தனியாவா? எதுக்கு?”

“கோவில் பாக்க.”

கடைசிப் பக்கத்தைப் புரட்டி விலாசத்தைப் படித்தார். சின்ன காஞ்சிபுரம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஏம்மா... காஞ்சிபுரத்துல இல்லாத கோவிலா?”

எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். முத்திரை விழுந்தது. ஊரில் வெளிநாடு போய்வந்த எல்லோரிடமும் யோசனை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை — என்னிடமும்!

இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் தாம்பரம். அதுவும் பிளஸ் டூ தாவரவியல் விடைத்தாள் திருத்த. அப்படிப்பட்டவளுக்கு அங்கோர்வாட் எங்கிருந்து வந்தது?

என் கணவரிடமிருந்துதான். அவர் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். வருஷா வருஷம் அங்கோர்வாட் பாடம் வரும். புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் — மசி அப்பி, கோவிலா கோட்டையா என்றே தெரியாது. அதனால் கரும்பலகையில் தானே வரைவார். ஐந்து கோபுரம், சுற்றிலும் அகழி, நடுவில் நீளமாக ஒரு பாதை. மணி அடித்தபிறகும் அழிக்க மனசு வராது அவருக்கு. அடுத்த வகுப்பு கணக்கு வாத்தியார் வந்து அழிப்பார்.

ஆனால் அவர் அங்கே போக முடியாது. பள்ளி நேரம் போக, பெருமாள் கோவிலில் பாசுரம் சேவிக்கும், அதாவது சேர்ந்து ஓதும் கோஷ்டியில் ஒருவர் அவர். அந்தக் கைங்கர்யத்தில் இருப்பவர்கள் கடல் தாண்டுவதில்லை என்பது எங்கள் தெருவில் வழக்கம். அதைப் பற்றி நாங்கள் விவாதித்ததில்லை. அவர் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

பெண் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். கோடை விடுமுறை நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விமான டிக்கெட் விளம்பரம். “நான் வேணா போயிட்டு வரட்டுமா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“போயேன்” என்றார். பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அவ்வளவுதான். அவருக்குச் சந்தோஷமா, வருத்தமா, வேடிக்கையா... ஒன்றும் புரியவில்லை. போகிறது அவருக்காகவா, எனக்காகவா? அதுவும் புரியவில்லை. புரியாதபோது நாம் என்ன செய்வோம்? நாலு பேரைக் கேட்போம். கேட்டேன்.

முதலில் கன்னியப்பன். தறி முதலாளி. அவர் பெண் என்னிடம் படித்தவள். புடவைக் கண்காட்சிகளுக்காக சிங்கப்பூர், மலேசியா என்று அடிக்கடி பறக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாருங்க டீச்சர், நான் போய்க்கினு வந்துக்கினு இருக்கறவன், சொல்றேன். தனியா வந்துக்கீறேன்னு மட்டும் யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. வூட்டுக்காரரு ரூம்ல தூங்கினு இருக்காருன்னு சொல்லுங்க. இந்தச் செயினு வேணாம். கழட்டி பீரோல வச்சுட்டு மஞ்சக் கவுறு போட்டுக்கினு போங்க. பை காலியா இருக்கணும். அப்பதான் திரும்பி வரச்சொல்ல ரொப்பிக்கினு வரலாம்.”

எவ்வளவு தெளிவு! வீட்டுக்கு வந்து பெட்டியில் பாதியைக் காலி செய்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு வைதேகி மாமி வந்தார். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டு பிரசவத்துக்குப் போய்வந்தவர். காலிப் பெட்டியைப் பார்த்து, எனக்குக் கிடைத்த யோசனைகளையும் கேட்டதும் மாமிக்குப் பதறிவிட்டது.

“யார் சொன்னா உனக்கு? கழுத்து வெறிச்சோன்னு போனா யாரோ எவளோன்னு நினைச்சுப்பா. செயினோட போ. ஆத்துக்காரர் தூங்கறார்னு பொய் வேற சொல்லுவியா? தனியா வந்திருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுடி. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே பாத்துப்பா? அரிசி ரெண்டு படி எடுத்துக்கோ. சின்ன குக்கர் நான் தரேன். புளிக்காய்ச்சலை எண்ணெய் தூக்கலாக் கிளறு, கெடாது.”

இதுவும் தெளிவாகத்தான் இருந்தது. பெட்டி மறுபடி நிரம்பியது.

சரி, உள்ளூர் வேண்டாம் என்று காந்தி ரோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நான் நுழைந்ததும் இரண்டு கேபினில் திரைச்சீலை அவசரமாக இழுபட்டது. என் மாணவர்களாக இருக்கும். கண்டுகொள்ளவில்லை. பயணம் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் யோசனை கேட்கும் இணையதளம் ஒன்றை சென்டர்காரப் பையன் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்: நடுத்தர வயதுப் பெண், தனியாக வருகிறேன், சைவம், மே மாதம், மூன்று நாள். என்ன செய்யலாம்?

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பதில்கள் கொட்டிக் கிடந்தன. மூன்று நாள் போதவே போதாது, வராதே என்றார் ஓர் ஆஸ்திரேலியர். இரண்டாவது நாளே எல்லாக் கோவிலும் ஒன்றுபோலத் தெரியும், மூன்றாவது நாள் வீண் என்றார் ஒரு ஜெர்மன்காரப் பெண். மே மாத வெயிலில் உருகிவிடுவாய் என்றார் இன்னொருவர் — காஞ்சிபுரத்துக் கத்திரி வெயில் பார்த்தவளிடம்! அங்கோர்வாட்டைச் சூரிய உதயத்தில்தான் பார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுத, அஸ்தமனத்தில்தான் என்று ஒருவர் மறுக்க, இரண்டு பேரும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். கேள்வி கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டார்கள், பாவம்.

அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. வழியில் கன்னியப்பனைப் பார்த்தபோது கேட்டேன். “ஆமா, சிங்கப்பூர் எப்படி இருக்கும்?”

தலையைச் சொறிந்தார். “கண்காட்சி ஹாலு, லாட்ஜு... திரும்ப ஹாலு. அவ்ளோதான் டீச்சர். எங்க சுத்தறது?”

மாமியைக் கேட்டேன். அமெரிக்கா எப்படி?

“ஜன்னல் வழியா பனி கொட்டும். குழந்தை தூங்கறச்சே பாத்துண்டிருப்பேன்” என்றார். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

யாருமே என் பயணத்துக்கு யோசனை சொல்லவில்லை. அவரவர் பயணத்தை இன்னொரு தடவை போய்வந்தார்கள். கன்னியப்பன் தான் பயந்த இடத்தில் என்னை பயப்படச் சொன்னார். மாமி தனக்குப் பசித்த இடத்தில் என்னைப் புளிக்காய்ச்சல் கிளறச் சொன்னார். அன்பில் குறையில்லை. ஆனால் என் குழப்பம்? அது அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் பருத்திருந்தது.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. குக்கர் வெளியே, குக்கர் உள்ளே என்று எடுத்து வைத்து எடுத்து வைத்து, ஒரு கட்டத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோவிலிலிருந்து கணவர் வந்தார்.

“எனக்கு வேண்டாம்னு தோணறது. கேன்சல் பண்ணிடலாம்” என்றேன்.

அவர் அங்கவஸ்திரத்தை மடித்துக் கொடியில் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஊரே யோசனை சொல்றது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?”

“போனவாதானே சொல்லணும். நான் எங்க போனேன்?”

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“நான் போக முடியாதுங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது எனக்குப் பழகிடுத்து. நீ போகலைன்னா... அதுக்கு என்ன காரணம் சொல்லுவே?”

யோசித்தேன். குக்கரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

கிளம்பிவிட்டேன். மஞ்சள் கயிற்றோடு, புளிக்காய்ச்சலோடு — இருவருக்கும் ஆளுக்குப் பாதி மரியாதை. குக்கர் மாமி வீட்டுக்கே திரும்பிப் போனது.

கோலாலம்பூரில் விமானம் மாறி, அங்கோர்வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் இறங்கினேன். விடுதியில் ஏற்பாடு செய்துகொடுத்த டுக்-டுக் — நம் ஆட்டோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பைக்குக்குப் பின்னால் கட்டிய வண்டி. ஓட்டுநர் பெயர் சோவான். நரைத்த தலை, நிதானமான மனிதர், அளவான ஆங்கிலம். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார். “தனியாகவா வந்திருக்கிறீர்கள்?”

கன்னியப்பன் குரல் காதில் ஒலித்தது. “இல்லை. கணவர் அறையில் தூங்குகிறார்” என்றேன்.

முதல் நாள் முழுக்க ஊர் சுற்றினேன். மரவேர்கள் மதிலைக் கவ்விப் பிடித்த கோவில், முகம் முகமாகச் செதுக்கிய கோபுரங்கள்... தாவரவியல் டீச்சர் வேரைப் பார்ப்பதா, சிற்பத்தைப் பார்ப்பதா? அதிலும் குழப்பம்தான். அங்கோர்வாட்டை மட்டும் தள்ளிப்போட்டேன். உதயமா, அஸ்தமனமா என்று முடிவாகவில்லையே!

மறுநாள் காலை சோவான் கையில் ஒரு சின்ன டப்பாவோடு நின்றார். தைலம். “உங்கள் கணவர் இன்னும் தூங்குகிறாரா? உடம்பு சரியில்லையா? என் மனைவி கொடுத்து அனுப்பினாள். தெரிந்த டாக்டர் இருக்கிறார், அழைத்துப் போகட்டுமா?”

கூசிவிட்டது. உண்மையைச் சொன்னேன். கணவர் ஊரில் இருக்கிறார், கடல் தாண்ட மாட்டார், நான் தனியாகத்தான் வந்தேன், பயத்தில் பொய் சொன்னேன் — எல்லாவற்றையும். அவர் ஹேண்டில்பாரில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “அப்படியென்றால் தைலம் உங்களுக்குத்தான். நிறைய நடக்க வேண்டும்” என்றார். நேரே அங்கோர்வாட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். உதயம் முடிந்துவிட்டது, அஸ்தமனம் வரவில்லை. இரண்டு கட்சிக்கும் பிடிக்காத நேரம். கூட்டமே இல்லை.

அகழியைத் தாண்டி நடந்தேன். முகப்பு வாசலிலேயே வலது பக்கத்து மண்டபத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு சிலை. மஞ்சள் துணி சாற்றியிருந்தார்கள். மேலே குடை. எதிரே ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்கள் சிலர் தாமரை மொட்டும் வாழைப்பழமும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அவர் ஊரைக் காக்கிற சாமியாம். என்னவோ பெயர் சொன்னார்கள்.

கைகளை எண்ணினேன். எட்டு.

காஞ்சிபுரத்துக்காரிக்கு எட்டுக் கைப் பெருமாளை அடையாளம் தெரியாமல் போகுமா? அஷ்டபுஜப் பெருமாள் சன்னிதி எங்கள் ஊரிலேயே இருக்கிறதே!

ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றினேன். அர்ச்சகர் இல்லை. தீர்த்தம் இல்லை, தலையில் வைக்கச் சடாரி இல்லை. ‘நகருங்கோ’ என்று சொல்லவும் ஆளில்லை. எங்கே நிற்க வேண்டும், எப்போது நிமிர வேண்டும், எப்போது போக வேண்டும்... ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பெண்மணி ஊதுபத்தி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் பிரார்த்தனைக்குத் திரும்பிவிட்டார்.

எங்கள் கோவிலில் ஆண்கள் கோஷ்டியாக நின்று பாசுரம் சேவிப்பார்கள். பெண்கள் ஓரமாக நின்று உதட்டை அசைப்போம். சத்தம் வெளியே வராது. எனக்கு நிறையவே மனப்பாடம் — தினமும் விடிகாலையில் அவர் கூடத்தில் சொல்வார், நான் அடுக்களையில் கேட்பேன். பெருமாள் முன்னால் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

அங்கே சொன்னேன்.

முதலில் முணுமுணுப்பாக. இரண்டாவது பாசுரத்தில் குரல் தானாக எழும்பிவிட்டது. அந்தக் கல் மண்டபத்தில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. யார் குரல் இது என்று இருந்தது. நடுவில் ஓர் இடத்தில் வார்த்தை அகப்படாமல் நின்றுவிட்டேன். எடுத்துக் கொடுக்க ஆளில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து, தட்டுத் தடுமாறித் தாண்டினேன். ஊதுபத்தி கொடுத்த பெண்மணி, நான் முடிக்கும்வரை கை கூப்பியபடியே இருந்தார். ஏன் என்று தெரியாமல் எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. கோபுரங்களைப் பார்க்க உள்ளே போக வெகுநேரமாயிற்று.

ஊர் திரும்பியதும் கன்னியப்பன் வந்து, “சொன்னேனில்ல டீச்சர், மஞ்சக் கவுறுதான் காப்பாத்திச்சு” என்றார். மாமி, புளிக்காய்ச்சல்தான் காப்பாற்றியது என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன்.

என் கணவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன். கோபுரம், அகழி, பாதை... அவர் கரும்பலகையில் வரைவதில் அகழி மட்டும் ரொம்பச் சின்னது என்றேன். சிரித்தார். பிறகு எட்டுக் கைப் பெருமாளையும் பாசுரத்தையும் சொன்னேன். சொல்லும்போதே தயக்கம். என்ன நினைப்பாரோ!

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சத்தமாவா சொன்னே?”

“சத்தமாத்தான்.”

“பிழையில்லாமயா?”

“ஒரு இடத்துல தடுக்கிடுத்து.” எந்த இடம் என்று சொன்னேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான் என்பதை மறந்து. “எனக்கும் அங்கதான் தடுக்கும். இத்தனை வருஷமா பக்கத்துல நிக்கறவர் குரல்ல ஒளிஞ்சுண்டு தப்பிச்சுண்டிருக்கேன். யாருக்கும் தெரியாது.”

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியவில்லை.

எதற்காகத் தனியாகப் போனாய் என்று இனி யாராவது கேட்டால் சொல்வேன் — எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துகொள்ள!