பிலோமினாவுக்குக் கொடுத்த சொல்லும் பிச்சாவரப் படகும்

கடலூர் முதுநகரிலிருந்து எங்கள் பேருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டது. ஆண்டு 2008, பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர் நாற்பத்தெட்டுப் பேர், ஆசிரியர் மூவர், அவர்களுடன் தலைமையாசிரியனாகிய நான். அகலப்பாதைப் பணிக்காக ரயில் நிறுத்தப்பட்டிருந்தமையால் தனியார் பேருந்து ஒன்றை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அமர்த்தியிருந்தோம். முதலில் சிதம்பரம் கோயிலின் கோபுரச் சிற்பங்கள், அடுத்து பிச்சாவரத்து அலையாத்திக் காடு, மாலை ஆறு மணிக்கு மீண்டும் பள்ளி வாயில் என்பது திட்டம்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் நடுநிலைப்பள்ளி மேற்கொண்ட முதல் கல்விச் சுற்றுலா இது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓவியம், வினாடி வினா, மூலிகைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் சுற்றுச்சுவருக்குள்ளேயே நடத்தி வந்தோம். பெற்றோரில் பாதிப் பேர் கடலை நம்பி வாழ்கிறவர்கள். பிள்ளைகளை வெளியூருக்கு, அதுவும் தண்ணீர் உள்ள இடத்துக்கு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தை மாற்றியாக வேண்டும் என்று நான் உறுதி கொண்டேன். காட்டையும் கழிமுகத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டியே ஒரு தலைமுறையைத் தேற்றிவிட முடியாது.

ஏழாம் வகுப்பு ரோஸ்லினின் தாயார் பிலோமினா மட்டும் இறுதிவரை இசையவில்லை. துறைமுகத்தில் மீன் வாங்கி விற்பவர். தம்பியை அலைக்குப் பறிகொடுத்தவர். அவர் இல்லத்துக்கு நானே நேரில் சென்றேன்.

"கோயிலப் பாக்கட்டும், காட்டப் பாக்கட்டும் சார். படகுல மட்டும் ஏத்தாதீங்க. உங்க ஒருத்தர் வார்த்தைக்காகத்தான் அனுப்புறேன்."

"ஏத்த மாட்டேம்மா. கரையில எம்பக்கத்துலயே உக்கார வச்சுக்கிறேன்."

இந்தச் செய்தி தெரு முழுவதும் பரவியது. "பிலோமினாவே அனுப்புது, பெரிய சாரு சொல்லிட்டாரு" என்று தயங்கி நின்ற மற்ற வீடுகளும் இசைந்தன. ஆகவே அந்த ஒரு சொல்லின் மீதுதான் அன்றைய பயணமே நின்றது. அது பொய்த்தால் அடுத்த ஆண்டு ஒரு பிள்ளையும் வராது என்பதை நான் நன்கு அறிவேன்.

புறப்படுமுன் அறிவியல் ஆசிரியை வசந்தா மஞ்சள் நாடாச் சுருள் ஒன்றை எடுத்து வந்தார்.

"சார், எந்த கவர்மென்ட் ஸ்கூலப் பாத்தாலும் இதே யூனிஃபார்ம்தான். ஆளுக்கொரு நாடா கையில கட்டிடலாமே?"

ஓட்டுநர் முருகையன் சிரித்தார். "எதுக்கு டீச்சர்? சந்தைக்கு ஓட்டிட்டுப் போற ஆட்டுக்குட்டிக்குக் கட்டுற மாதிரியில்ல இருக்கும்!"

எனக்கும் அது பொருத்தமாகத் தோன்றவில்லை. சலவை செய்த சீருடையே ஒரு பள்ளிக்குப் போதுமான அடையாளம் என்று கூறி நாடாவை மேசையிலேயே வைத்துவிடச் சொன்னேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியே சவுக்குத் தோப்புகளைக் கடந்து, வெள்ளாற்றுப் பாலத்தின் மீது பேருந்து சென்றபோது பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆற்றைப் பார்த்தார்கள். ரோஸ்லின் எனக்கு நேர்ப் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தாள். அவள் மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி, பாலம் கண்ணுக்கு மறையும் வரை நீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து சிதம்பரம் கீழவீதியில் இறங்கினோம்.

கோபுர வாயிலின் இருபுறச் சுவர்களிலும் நடன நிலைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மாணவரும் தமக்குப் பிடித்த ஒரு நிலையை வரைந்துகொள்ள வேண்டும் என்பது நாங்கள் வகுத்த பயிற்சி. வரைவதற்கு முன்பே பாதிப் பேர் காலைத் தூக்கி நின்று பார்த்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இவ்வூரின் பழம்பெயரான தில்லை ஒரு மரத்தின் பெயர் என்பதை எடுத்துரைத்தேன்.

"அந்த மரம் எங்க சார் இருக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

"இங்க இல்ல. மத்தியானம் பிச்சாவரத்துல காட்டறேன்."

திட்டக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் அன்று வந்திருந்தது. அவர்கள் பேருந்தும் எங்களுடையதைப் போலவே வெள்ளை நிறம். எங்கள் வண்டியின் பின்னாலேயே நின்றது. நண்பகலில் இரு பள்ளிப் பிள்ளைகளும் கோபுர நிழலில் அருகருகே அமர்ந்து உண்டார்கள். எங்கள் பிள்ளைகளின் நெத்திலிக் கருவாட்டு வறுவலுக்கு அவர்களுடைய எள்ளுருண்டை பண்டமாற்றாயிற்று. இத்தகைய கலப்பும் கல்வியே என்று நானும் மகிழ்ந்திருந்தேன்.

ஒரு மணியளவில் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். எல்லாரும் ஏறிய பின் குடையின் நுனியால் சுட்டிச் சுட்டி நான் தலைகளை எண்ணினேன். நாற்பத்தெட்டு. வண்டியை எடுக்கச் சொன்னேன். திட்டக்குடி வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது; நாங்களோ மழை நெரிசலில் சிக்கி இருபது நிமிடத்துக்கு மேல் ஊர்ந்தோம்.

அண்ணாமலை நகரைத் தாண்டியதும் பின்னிருக்கையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"பெரிய சார்! இந்தப் புள்ள நம்ம ஸ்கூல் இல்ல!"

அதே நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் அணிந்த சிறுமி ஒருத்தி, நனைந்த சடையைப் பிழிந்தபடி விழித்துக்கொண்டிருந்தாள். பெயர் சுமதி. திட்டக்குடிப் பிள்ளை. "எங்க டீச்சரு எங்க?" என்று கேட்டவள், நாற்பதுக்கும் மேற்பட்ட அயல் முகங்களைக் கண்டு அழத் தொடங்கினாள். வசந்தா அவளை அணைத்துக்கொண்டார். ஒரு தலை கூடுதலாக இருந்தும் எண்ணிக்கை சரியாக இருந்ததென்றால், நம் பிள்ளை ஒன்று குறைகிறது என்பதே பொருள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரோஸ்லினின் இருக்கையில் அவளுடைய பை மட்டும் இருந்தது.

மாணவர் முன்னிலையில் ஆசிரியன் கலங்கலாகாது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சுமதியிடம் அவர்கள் பேருந்து அடுத்து எங்கே போகும் என்று வினவினேன்.

"படகு உடுற எடத்துக்கு" என்றாள்.

முருகையன் கைப்பேசியை எடுத்தார். அந்தப் பேருந்தின் உதவியாளர் அவருக்குப் பழக்கமானவராம். "மச்சான், உங்க வண்டியில எங்க ஸ்கூல் புள்ள ஒண்ணு மாறி ஏறிக்கிச்சிடா. உங்க புள்ள இங்க குந்தி அழுவுது... என்னது, எறங்கிட்டாங்களா? டேய், படகுல ஏத்தாதன்னு சொல்லு. ஓடிப்போயி சொல்லுடா!"

"என்ன சொல்றார்?"

"வண்டி போய்ச் சேந்திடுச்சாம் சார். புள்ளைங்க துறைக்குப் போயிட்டாங்களாம். இவன் இப்பத்தான் ஓடுறான்."

கிள்ளை வழியாகப் பிச்சாவரம் மேலும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. திரும்பிச் செல்வதால் பயனில்லை. நேராகப் போகச் சொன்னேன். வழியில் ஒருவரும் பாடவில்லை. வயல்கள் முடிந்து இருபுறமும் உப்பங்கழி தென்படத் தொடங்கியபோது, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நான் குறித்து வைத்திருந்த எதையும் காட்டாமல் முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குப் படகுத்துறையை அடைந்தோம். மழை விட்டிருந்தது. திட்டக்குடித் தலைமையாசிரியை படியிலேயே கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங்க கணக்கு சரியாத்தான் சார் இருந்திச்சு! அந்தப் பையன் வந்து சொல்றதுக்குள்ள மொதப் படகு போயிடிச்சு. உங்க புள்ள அதுலதான் இருக்கா."

சுமதி ஓடிச்சென்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் துறையின் விளிம்பில் நின்றேன். கால்வாயின் இருமருங்கிலும் வேர்களை நீருக்குள் ஊன்றிய மரங்கள்; நடுவில் பச்சை இருளாக ஒரு வழி. அதற்குள்ளிருந்து படகு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் துடுப்பொலி கேட்டது. மிதவைச் சட்டை அணிந்து, முன்முனையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள் ரோஸ்லின். பக்கத்துப் பிள்ளைகளிடம் எதையோ சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தவள், என்னைக் கண்டதும் கையைக் கீழே இறக்கினாள்.

கரையேறியதும் தனியே அழைத்துக் கேட்டேன். "வண்டி மாறுனது தெரியலையா?"

"மழையில தெரியாமத்தான் ஏறுனேன் சார்." சற்றுத் தலைகுனிந்து நின்றாள். "தெரிஞ்சப்புறம் சொல்லல."

"ஏன்?"

"நம்ம வண்டியில வந்தா கரையில உக்கார வச்சிருப்பீங்க."

கடிந்துகொள்ளத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் கண்களில் இருந்தது குறும்பன்று. தன் தெருவே அஞ்சும் நீரைத் தான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று துணிந்த பிள்ளை அது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று மெல்லக் கேட்டாள்.

மற்ற பிள்ளைகள் முறைவைத்துப் படகேறினார்கள். பயணத்தை அத்துடன் நிறுத்திவிடலாம் என்று ஓர் ஆசிரியர் கூறியதை நான் ஏற்கவில்லை. நடந்த பிழை வண்டியில் நடந்தது, நீரில் அன்று. கரையோரத்துத் தில்லை மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் கேடு என்பதையும் விளக்கினேன். ரோஸ்லின் நான் சொன்னபடியே என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள், காலம் கடந்து.

நான்கு மணிக்குத் திரும்பும்போது வசந்தா என் இருக்கைக்கு வந்தார்.

"சார், புள்ளதான் பத்திரமா இருக்காளே. சொல்லணுமா? சொன்னீங்கன்னா இத்தோட டூர் முடிஞ்சிது. உங்க பேரும் போயிடும்."

முப்பதாண்டுகளாகக் காத்து வந்த பெயர்தான். என்றாலும் மறைத்துக் காக்கும் பெயரை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பது?

"சொல்லணும் டீச்சர்" என்றேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்பாகவே பள்ளி வாயிலை அடைந்தோம். வெளியே சென்று திரும்பினால் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பெற்றோர் கையில் நானே பிடித்துக் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். ரோஸ்லினின் முறை வந்தது. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு பிலோமினா கையை நீட்டினார். எல்லாப் பெற்றோரும் கேட்கும்படியாகவே கூறினேன்.

"அம்மா, உங்க பொண்ணு படகுல ஏறிட்டா. வேற ஸ்கூல் வண்டியில மாறிப் போயிட்டா. நான் தலையத்தான் எண்ணினேன், முகத்தைப் பாக்கல. உங்களுக்குக் கொடுத்த சொல்லை என்னால காப்பாத்த முடியல."

பிலோமினா மகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நாந்தாம்மா சொல்லாம ஏறுனேன்" என்றாள் ரோஸ்லின், நான் கேட்காமலே.

பளாரென்று ஓர் அடி விழும் என்று நினைத்தேன். பிலோமினா மகளின் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்திருந்தது.

"பயந்தியா?"

"மொதல்ல. அப்புறம் படகுக்காரரு கழிய ஊணிக் காட்டுனாரும்மா. இடுப்பளவுதான் தண்ணி."

தாயார் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த வருசமும் போவீங்களா சார்?"

"நீங்கல்லாம் அனுப்பினா போவோம்."

"அப்ப நானும் வர்றேன். எண்றதுக்கு உங்களுக்கு ஒரு ஆள் வேணுமில்ல!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் மீதுதான் என்பதை அறிந்தும் நான் வாயிலை விட்டு நகரவில்லை. எஞ்சிய பிள்ளைகளை ஒவ்வொருவராக, முகம் பார்த்துப் பெயர் சொல்லி ஒப்படைத்தேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்னாலேயே உப்பனாறு ஓடுகிறது. பிச்சாவரத்தில் கண்ட அதே உப்புநீர், அதே சேற்று மணம். பெற்றோர் விருப்பப்படி அப்பக்கத்துச் சன்னல்களை மூன்றாண்டுகளாகச் சாத்தியே வைத்திருந்தோம். திங்கட்கிழமை காலை அவற்றைத் திறக்கச் சொன்னேன். மேசையில் கிடந்த மஞ்சள் நாடாவை எடுத்து அலமாரியில், அடுத்த சுற்றுலாவுக்கென்று பத்திரப்படுத்தினேன்.