ஒற்றைச் சாவி

சுடுகிறவனுக்குப் பெயர், தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவனுக்கு முழங்கால் வலி: இதுதான் என் தொழில். சனி ஞாயிறில் அடுத்தவன் விளையாட வேலை செய்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நான் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், கூர் என்ற நகருக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் சுடுதளம். எண்ணூறு மீற்றருக்கு அப்பால் இரும்புத் தகடுகள் சங்கிலியில் தொங்கும். சுட்டபின் டாங் என்ற சத்தம் வந்து சேர மூன்று நொடி. நாலைந்து பேர் சுட்டு முடிந்ததும் நான் ஏறிப்போய் வெள்ளை அடித்துவிட்டு வரவேண்டும்.

பெட்டி

முதல் நாள் பொறுப்பாளர் வால்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நான் மேலே நிற்கேக்க ஒருத்தன் சுட்டால்?" எங்கட நாட்டில் துவக்குச் சத்தத்துக்கு ஓடிப் பழகியவன் நான். கேட்காமல் என்ன செய்ய?

அவர் சத்தியம் எதுவும் பண்ணவில்லை. அடுத்த சனி ஓர் இரும்புப் பெட்டி வந்தது. நான் மலை ஏறுமுன் எல்லாரும் தங்கள் துவக்கின் போல்டைக் கழற்றிப் பெட்டியில் போடவேண்டும். போல்ட் இல்லாத துவக்கு வெறும் குழாய். பெட்டியைப் பூட்டிச் சாவியை என் கையில் தந்தார். "இதுக்கு ரெண்டாவது சாவி இல்லை. நீ திரும்பி வந்தால்தான் சூடு."

யாருடைய டாங்

ஓர்லிகோனிலிருந்து ஒரு கனவான் வந்தார். துவக்கு புதிது, தொப்பியும் புதிது. பத்துக் குண்டு. தகட்டில் ஒன்றும் படவில்லையாம், நான் கோணலாகத் தொங்கவிட்டேனாம். ஏறினேன். அவருடைய தகடு வெள்ளை வெளேர். பக்கத்துத் தகட்டில் உள்ளங்கை அளவுக்குள் பத்துக் குண்டு பட்ட தழும்பு.

வயர்லெஸ்ஸில் சொன்னேன். பக்கத்துத் தகடு சீஸ் செய்து விற்கிற ஒருவருடையது. ஒவ்வொரு டாங்குக்கும் எல்லாரும் அவருக்குத்தான் கைகொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னார்: "தந்தாங்கள், வாங்கினன். நான் இன்னும் ஒரு குண்டும் போடேல்லை."

சிவப்புப் பாஸ்போர்ட்

இலங்கைப் பாஸ்போர்ட்காரன் இங்கே துவக்கால் சுடக்கூடாது என்று சட்டம். பெயின்ட் டப்பாவுக்குத் தடையில்லை. அப்படியே வருடங்கள் போயின. இந்த நாட்டின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்த கிழமை வால்டர், படுத்துச் சுடுகிற பாயை விரித்து, தன் துவக்கை வைத்து, "படு" என்றார்.

பாயைப் பார்த்தேன். மலையைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லது. சுடுறதுக்கு ஆள் இருக்கு. மேலே நடக்கத்தான் ஆள் இல்லை."

அந்த ஞாயிறு

போட்டி நாள், ஆறு பேர். ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பூட்டிவிட்டு ஏறினேன். கடைசித் தகட்டில் நிற்கும்போது மனைவியின் போன். "இஞ்சருங்கோ, தலை சுத்துது. கெதியா வாங்கோ." அத்தோடு போன் செத்தது. வால்டரிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. மற்றப் பக்கக் காட்டுப்பாதையால் இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வீட்டில் அவ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. பிறஷர் குளிசையைப் போட மறந்திருக்கிறா, வேறொன்றுமில்லை. ஜாக்கெட்டைக் கழற்றும்போது பொக்கற்றில் கை பட்டது. சாவி.

விஷயத்தைச் சொன்னதும் அவ, "ஆறு பேரின்ர போட்டியைக் கெடுத்துப்போட்டு இஞ்ச நிண்டு என்னைப் பாக்கிறியளோ? போங்கோ" என்றா. போனேன்.

மேலே சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்குமேல் சுட்டால் கீழே ஊர்ச்சனம் முறைப்பாடு எழுதும். போட்டி போய்விட்டது. வேலையும் போகும் என்று தெரிந்துதான் கொட்டிலுக்குள் நுழைந்தேன். ஒருவரும் இல்லை. பெட்டி பூட்டியபடி. அதன்மேல், நான் தகட்டுச் சங்கிலி வெட்டுகிற பெரிய கத்தரி. இரண்டு கையால் ஒரு அமுக்கு, பூட்டு துண்டாகியிருக்கும்.

மலையில் என் பெயர் கேட்டது. ஆறு பேரும் வால்டரும் பற்றைக்குள் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கினேன். வால்டர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகம்.

"கத்தரி பக்கத்திலேயே இருந்ததே," என்றேன்.

"இருந்தது. நீ மேலே விழுந்து கிடக்கிறியோ எண்டு தெரியாமல் எப்படி வெட்டுறது?"

துவக்குக்காரர் என்னைத் தேடி அலைந்தது வாழ்க்கையில் இது இரண்டாம் தடவை; இந்த முறை தண்ணீர்ப் போத்தலும் சொக்லேட்டும் கொண்டு வந்திருந்தார்கள்.