பொட்டு வைத்த ரைபிள்

போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் குளிக்கலாம் என்று துண்டோடு தென்காசி அக்கா வீட்டுக்குப் போன நான், துப்பாக்கியோடு திருநெல்வேலிக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பயப்படாதீர்கள்... லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான்!

என் அத்தான் – அக்காவின் கணவர் – ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது தென்காசியில் ஒரு நகை அடகுக் கடைக்குக் காவல். ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைபிள் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதற்காகத்தான் அந்த வேலையே. துப்பாக்கி போனால் சம்பளமும் போச்சு.

பக்கத்து ஊரில் திருட்டு நடந்ததிலிருந்து முதலாளிக்குச் சந்தேகம். "அண்ணாச்சி, இது சுடுமா?" என்று கேட்டுவிட்டார். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாளே முதலாளியின் தோப்பில் ஒரு ரவுண்டு சுட்டுக் காட்டுவதாகச் சபதம்!

"முதல்ல அதைச் செக் பண்ணச் சொல்லுலே தம்பி" என்றாள் அக்கா.

"இது மிலிட்டரி சாமான் மாப்ள. சர்வீஸெல்லாம் கரெக்டா நடக்குது. வருஷம் தவறாம ஆயுத பூஜை போடுதேன்" என்றார் அத்தான்.

உண்மைதான். கட்டையில் திருநீற்றுப் பட்டை, குண்டு போடும் பூட்டில் பொட்டு, குழல் வாயில் சந்தனம், அதன் மேல் ஒரு எலுமிச்சம்பழம்.

நாம் எல்லோருமே அப்படித்தானே? புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவோம். பிரேக் பிடிக்கிறதா என்று யார் பார்க்கிறோம்?

அக்கா விடவில்லை. நானும் அத்தானும் திருநெல்வேலியில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் பூட்டைக் கழற்றி, குழலை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதா சார்?"

கும்மிருட்டு. கம்பியை விட்டுக் குடைந்தார். கட்டி கட்டியாகச் சந்தனம், குங்குமம், காய்ந்துபோன எலுமிச்சைத் தோல்... பின்னாலேயே துரு.

"உள்ள பூரா அரிச்சுப்போச்சு அண்ணாச்சி. சுட்டிருந்தியன்னா குழல் வெடிச்சு மூஞ்சியிலதான் அடிச்சிருக்கும். சுத்தம் பண்ணினாலும் இனி இதைச் சுடக் கூடாது."

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா மட்டும் பிடிவாதம் பிடித்திருக்காவிட்டால்... நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேலை போய்விடும் என்ற கவலையோடுதான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னார் அத்தான். முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"இது சுடாதுன்னு திருடனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க. அந்தப் பொட்டை மட்டும் அழிச்சிருங்க அண்ணாச்சி... கம்பீரமா இல்ல."

வேலை தப்பித்தது. ஆனால் அக்காவுக்கு நிம்மதி வந்துவிடுமா?

"ஏங்க, நெசமாவே எவனாச்சும் திருட வந்தா என்ன செய்வீய?"

அத்தான் நிதானமாகச் சொன்னார்: "துப்பாக்கியை அவன் கையில குடுத்து, 'நீயே சுடுலே'ன்னு சொல்லிருவேன்."