ஜாதல்லாவின் வாய்

ஓம்துர்மான் ஒட்டகச் சந்தையில் ஏலம் கூவுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும், ஜாதல்லா வாயைத் திறந்தால் மற்ற ஒன்பது பேரும் மூடிக்கொள்வார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர். உடுத்திய துணியோடு மேற்குப் பாலையிலிருந்து நடந்து வந்து, வெறும் வாயை வைத்தே சந்தைச் சுவரை ஒட்டி மாடிவீடு கட்டியவர். இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வாயில்தான் நெருப்பு விழுந்தது. ஒட்டகங்களுக்கு அடையாளச் சூடு போடும்போது ஒரு முரட்டு ஒட்டகம் உதைத்ததில் கனல் சட்டி அவர் முகத்தில் கவிழ்ந்தது. புண் ஆறிவிட்டது, தழும்புதான் அடங்கவில்லை. தடித்துச் சிவந்து, வலக்கன்னத்திலிருந்து உதட்டோரத்தைப் பிடித்து இழுத்தது. உள்ளே யாரோ உட்கார்ந்து தையல் போடுவதுபோல மாதாமாதம் வாய் சிறுத்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வந்து நின்றது. ஹஜ்ஜுப் பெருநாள் ஏலத்துக்கு இன்னும் நாலு மாதம். அதில் கூவாவிட்டால் மேடை போட்டி ஏலக்காரன் அவ்வாது கைக்குப் போய்விடும். அவனும் அதற்காகவே தொண்டையைச் செருமிக்கொண்டு அலைந்தான்.

தோல் டாக்டர் இக்லாஸ் அம்மா ஒரு சின்னக் குழாய் களிம்பு கொடுத்தார்.

"வைட்டமின் ஏ வகையறா மருந்து இது. ராத்திரி மட்டும், பட்டாணி அளவு. முகத்துல தோல் உரியும், வெயில் படக்கூடாது. வாயைத் தினமும் இழுத்து இழுத்துத் திறக்கணும். எவ்வளவு இளகும்னு இப்பச் சொல்ல முடியாது."

"பட்டாணி அளவா? நான் ஒட்டகமா விக்கிறவன், தாயி!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஈரல் கடைக் கோதியிடம் இதைச் சொன்னதும் அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"ஈரல்ல இருக்கிறதே அதுதானே ஹாஜி! நீ என்னத்துக்குப் பூசிக்கிட்டுக் கெடக்க? முழுங்கு!"

அன்று முதல் மதியத்துக்கு மதியம் ஒட்டகத்தின் பச்சை ஈரல், பித்தநீரும் மிளகாய்த்தூளும் சேர்த்து, ஒரு தட்டு நிறைய.

மூன்றாம் மாதம் வாயில் இரண்டு விரல் நுழைந்தது. ஆனால் களிம்பே படாத உள்ளங்கையும் உரிந்தது. தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. மனைவி ஸித்தன்னா பெருக்கும்போது மெல்லிய தோல் ஏடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏ அப்பாஸ் அப்பா, இதுல உங்க கைரேகை இருக்கு. இதைக் குப்பையில போடவா, குழி தோண்டிப் புதைக்கவா?"

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மண்டை இடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சந்தையில், ஒவ்வொரு ஆளின் தோளை ஒட்டியும் இன்னொரு ஆள் நின்றான். அதே தலைப்பாகை, அதே முகம்.

"இன்னிக்கு நாப்பது உருப்படி வந்திருக்கு போல" என்றார்.

அவ்வாது அவரை மேலும் கீழும் பார்த்தான். "இருபதுதான் ஹாஜி. மிச்சத்தை யாரு ஓட்டிக்கிட்டு வந்தா?"

வீட்டுக்கு வந்தால் இரண்டு ஸித்தன்னா தேநீர் நீட்டினார்கள். ஒரு கோப்பையைப் பிடித்தார். கை அதற்குள் புகுந்து வெறுங்காற்றில் மூடியது.

டாக்டரம்மா அவரை ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். கூட நின்றவர்கள் எல்லாரும் மறைந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தழும்பை இளக்கினது களிம்பும் பயிற்சியும். ஈரல்ல இருக்கிற சத்து அளவு மீறினா விஷம்யா! அது தலைக்குள்ள அழுத்தத்தை ஏத்திடுச்சு. இன்னும் ஒரு மாசம் தின்னிருந்தா கண்ணே போயிருக்கும்."

ஈரல் நின்றது, பத்து நாள் ஆஸ்பத்திரி. இரட்டை ஆட்கள் வெளிறி நிழலாகி, ஒருநாள் காணாமலே போனார்கள். களிம்பும் பயிற்சியும் மட்டும் தொடர்ந்தன.

பெருநாள் ஏலத்தன்று வெயில் படாமல் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு மேடை ஏறினார். வாய் மூன்று விரல் திறந்தது. கூவினார். வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டு அவரைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் யாரென்று எட்டிப் பார்த்தார்கள். இருந்தாலும் கைகள் உயர்ந்தன. மாலை அஸர் தொழுகைக்குள் ஒரு ஒட்டகம்கூட மிச்சமில்லை. அவ்வாது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். ஜாதல்லாவை வெல்ல ஆள் பிறக்கவில்லை என்று நெஞ்சு நிமிர வீட்டுக்கு நடந்தார்.

ஸித்தன்னா முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏலத்துக்கு நீங்க போகலையா? காலையிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். வேற எவனோல்ல கூவினான். நல்லாத்தான் கூவினான். ஆனா கேக்கக் கேக்க உடம்பு சில்லிட்டுப் போச்சு."

"அது நான்தான்டி" என்றார் ஜாதல்லா, மேடையில் கூவிய அதே குரலில்.

அவள் நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள். பிறகு, அந்நிய ஆண் முன்னால் செய்வதுபோல, மாவுக் கையாலேயே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.