லம்பா லைன் வீட்டில் பாதிச் சோறு

தேங்காய் எண்ணெயில் சூரை மீன் பொரியும் வாசனை… மழை நனைத்த பலகைச் சுவர் வழியே கசிந்து, தீவில் நாங்கள் குடியிருந்த லம்பா லைனைத் தாண்டி, கடலில் இறங்கி, மெட்ராஸ் கப்பலையே அரை நாள் முன்னதாக இழுத்து வந்துவிடும். நம்பாதவர்கள் கப்பலைக் கேட்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம். செல்வியைக் கட்டி மூன்று மாதம். நான் அரசாங்க கிளார்க்… தீவுகள் மூழ்காமல் மிதப்பதே என் கையெழுத்தால்தான் என்று நினைப்பு.

அப்பேர்ப்பட்டவனை வேலைக்கான மெடிக்கலில் ரத்தக்கொதிப்பு கவிழ்த்துவிட்டது. இரண்டு மாதம் கெடு. உப்பைக் குறைத்து பிரஷர் இறங்கினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இருவரும் மெயின்லேண்டுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

டெய்ரி ஃபார்ம் என்ற பக்கத்துப் பகுதியில் ஒரு பெங்காலி டீச்சர், தன் வீட்டு வராந்தாவில் உடம்புக்கு ஆகும் சமையல் சொல்லிக்கொடுத்தார். எதைக் குறைக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும் என நான் விட்டுவிட, செல்வி போய்ச் சேர்ந்தாள். வகுப்பு இந்தியில். திருநெல்வேலிக்காரிக்குத் தெரிந்த இந்தியோ, பஜாரில் விலையைக் குறைக்கச் சொல்லும் ‘கம்’ ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து என் தட்டில் பாதிச் சோறு. மீன் ஒரே துண்டு. உப்பு மட்டும் எப்போதும்போல, வங்கக் கடலை வற்றவைத்துக் கொட்டியது போல…

பத்து நாளில், காற்று தூக்கிப் போகாதிருக்க சட்டைப் பையில் கல் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன்.

பொறுக்காமல், சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டே விட்டேன். நோட்டைக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் முத்து முத்தாக, ‘நமக்குக் கம்மி’.

“டீச்சர் தெனமும் அதைத்தான சொல்லுதாங்க.”

டீச்சர் சொன்னது ‘நமக் கம்’. இந்தியில் நமக் என்றால் உப்பு! நான் சிரித்த சிரிப்பில் பலகைத் தரை அதிர்ந்தது. விஷயம் புரிந்ததும் அவள் தலை குனிந்தாள். அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்தேன். என்னுடையதைவிடக் குறைவான சோறு.

“எனக்குத்தான பிரஷரு. நீ ஏன் பிள்ள பட்டினி கெடந்த?”

“நமக்குன்னா ரெண்டு பேருந்தான?”

சிரிப்பு நின்றுவிட்டது…

அன்றிலிருந்து உப்பு குறைந்தது, சோறு நிறைந்தது. மெடிக்கலில் தேறினேன். அந்தக் கப்பல் எங்களை ஏற்றாமலே போயிற்று.

இன்று மருமகள் போனைப் பார்த்து ஆரோக்கியமாகத்தான் சமைக்கிறாள். சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று எங்களுக்குத் தனித்தனி டப்பா, மூடியில் பெயர். குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

ஆனாலும்… அவள் ஆபீஸுக்குக் கிளம்பியதும், செல்வி இரண்டு டப்பாவையும் ஒரே தட்டில் கவிழ்த்துவிடுகிறாள்.