பாட்டு டீச்சர்

நரிக்குடிப் பக்கத்துச் சர்ச்சில், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்திய அந்த டீச்சர் குடைக்கம்பி போல ஒல்லி. வெயிலுக்குத் தலையில் எப்போதும் ஈரத்துண்டு. கண்ணைக் கட்டிய பிள்ளைகள் அவர் பாட்டைக் கேட்டு நடப்பார்கள். பாட்டு நின்றால் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும்.

அன்று மகளைக் கூட்டிவரப் போனேன். அவள் வழிதவறி, சுவரில்லாத கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். சுற்றிப் போட்டிருந்த முள்ளை யாரோ விறகுக்கு எடுத்திருந்தார்கள். எனக்குக் குரலே வரவில்லை.

டீச்சர் பார்த்தார். பாட்டை நிறுத்தினார்.

வீட்டில் ஒரு சொல் கேட்காத என் மகள், கிணற்று விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள்.

தூக்கிவந்து என் கையில் கொடுத்தவரிடம், "ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல டீச்சர்?" என்றேன்.

"பயந்துபோயி பிள்ள எந்தப் பக்கம் ஓடும்னு யாரு கண்டா அக்கா?" என்றார்.

இப்போதும் மகள் வீட்டில் அந்தப் பாட்டைப் பாடுகிறாள். பாதியில் நின்றால், அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன்.