கணபதி மாஸ்டரின் சந்தோஷ வகுப்பு

கணபதி மாஸ்டருக்குப் பரீட்சை என்றால் உயிர். மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் அவருடையது. பல் டொக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே பிள்ளைகளுக்கு வாய் திறக்கப் பயிற்சி கொடுப்பார். பூச்சி மாத்திரை கொடுக்க வந்த தாதியிடம், "நம்ம பிள்ளைங்க வயித்துல பூச்சியே கெடையாதுங்க" என்று அடித்துச் சொன்ன மனுஷன்!

2007இல் அவருக்கு ஒரு இடி விழுந்தது. கொழும்பில் கடை வேலைக்குப் போன மகனை, புலி என்று சந்தேகப்பட்டு ஆமிக்காரர்கள் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. தமையன் போனதிலிருந்து மகள் சந்திரகாந்தா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். அப்பனிடமே பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, சிரித்து மாதக்கணக்காகிறது. கேட்டவர்களிடமெல்லாம் மாஸ்டர், "பரீட்சைப் பயங்க" என்றார். மகனால் வந்த பேர் போதாதா, மகளுக்கும் பைத்தியம் என்று ஒரு பேர் வேண்டுமா?

அந்த நேரம் பார்த்துக் கண்டியிலிருந்து டொக்டர் ஸுபைதா வந்து சேர்ந்தார். பிள்ளைகளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் செய்த ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கிக் கொண்டு வந்திருந்தார். தமிழிலும் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் ஒருமுறை எழுத வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டும், பிறகு டொக்டர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம். முதல் கட்டம் 'இல்லவே இல்லை', அதற்குப் புள்ளி பூச்சியம். நாலாவது 'கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்'.

"இதுல பாஸ், பெயில் எல்லாம் கெடையாதுங்க மாஸ்டர்."

பெயில் இல்லாத பரீட்சையா? யாரிடம் கதை விடுகிறார்!

"புள்ளி கூடினா நல்லதுங்களா, கொறைஞ்சா நல்லதுங்களா?"

"கூடின பிள்ளைய நாங்க கவனிக்கணும்."

மாஸ்டருக்கு அது போதும். டொக்டர் பார்க்கக் கொடுத்த பிரதியை வைத்து மறுநாளே மேலதிக வகுப்பு ஆரம்பித்தது.

"வாழ்க்கை வெறுத்துப்போச்சா?"

"இல்லவே இல்லைங்க சேர்!" கூரைத் தகரம் அதிர்ந்தது.

"தூக்கம் வரலியா?"

"சில நாளு..." என்று இழுத்தாள் ஒருத்தி.

"ஏண்டி, பள்ளிக்கூடத்து மானத்த வாங்கவா? தூங்குடி!"

மறந்துபோகிறவர்களுக்காக ஒரு சைகையும் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒரு விரலைத் தூக்கினால் முதல் கட்டம்.

முதல் முறை எல்லோருக்கும் பூச்சியம். இரண்டாம் முறையும் பூச்சியம். இரண்டு தடவையும் இப்படி அச்சொட்டாக ஒத்துப்போன கேள்வித்தாளை உலகத்திலேயே பார்த்ததில்லை என்று டொக்டரின் உதவியாளர் துள்ளிக் குதித்தார். ஒழுகுகிற லயத்து அறைகளில் அடைந்து, ஒரு கக்கூசுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு அப்படியொரு ஆனந்தம்! ஸுபைதா மட்டும் துள்ளவில்லை. மறுநாள் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார்.

பேச்சு நடந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மாஸ்டர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் பிள்ளை அவர் விரல் தூக்கத் தூக்க, செடி தண்ணீரில் மிதந்தது. கடைசியாகச் சந்திரகாந்தா வந்து உட்கார்ந்தாள். தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்தியது. வீட்டில் தினமும் பார்க்கிற பிள்ளைதான். ஜன்னல் வழியே பார்த்தபோது யாரோ நோயாளிப் பிள்ளை போலிருந்தாள்.

"சாப்பாடு பிடிக்காம இருக்காம்மா?"

அவள் பழக்கப்படி ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவின் ஒரு விரல் உயர்ந்து நின்றது.

"இல்லவே..." என்று தொடங்கினாள்.

அந்த விரலுக்குப் பக்கத்தில் இன்னொன்று நிமிர்ந்தது. பிறகு மூன்றாவது.

டொக்டரும் ஜன்னல் பக்கம் திரும்பினார். மாஸ்டர் ஒளியவில்லை. தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மகள் நன்றாகப் பார்க்கும்படி நாலு விரலையும் தூக்கிக் காட்டினார்.